தொப்பூர் ஏத்தத்தில் பழைய கார் நின்றுவிட்டால்?

உங்கள் வீட்டில் அப்பா காலத்து அம்பாசிடரோ பத்மினியோ இருக்கிறதா? 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் "குலதெய்வக் கோயிலுக்கு இந்த வண்டியிலதான் போவோம்" என்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வருகிறீர்கள். நல்ல வெயில். தொப்பூர் கணவாயில் ஏறும்போது வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிடுகிறது. ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு பென்னாகரம் பக்கம் மலையேறும்போதும் இப்படி ஆகலாம். அரை மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்!

ஏன் இப்படி?

இந்த வகை பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பொதுவாக எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை அது உறிஞ்சி இழுக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால், இன்னும் சீக்கிரமே ஆவியாகும். திரவத்தைத் தள்ளத்தான் அந்தப் பம்புக்குத் தெரியும். ஆவி வந்தால் வெறுமனே அடிக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. மெக்கானிக்குகள் இதை 'வேப்பர் லாக்' என்பார்கள். புதிய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் இந்தத் தொல்லை அரிது.

வண்டி நின்றுவிட்டால்

* வேகம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுங்குங்கள். வளைவில் நிறுத்தாதீர்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும்.
* வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். கனரக லாரிகள் வரும் சாலை அது. எல்லோரும் இடதுபுறத் தடுப்புக்கு அப்பால், பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள்.
* பெட்ரோல் வாடையோ கசிவோ இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கசிவு இல்லையென்றால் பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.
* ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றினால் சீக்கிரம் ஆறும். டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.
* பாட்டிலில் பெட்ரோல் எடுத்து கார்புரேட்டரில் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். சூடான எஞ்சினில் குப்பென்று தீப்பிடிக்கும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, மற்ற இடங்களில் அவசரத்துக்கு 112. இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வராமல் தடுக்க

1. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு கடத்தாத தடிமனான பேக்கிங் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழுது பார்க்கும்போது பலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.
2. பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகக் கூடாது. தள்ளிப் பொருத்தி, இடையில் தகரத் தடுப்பு வையுங்கள்.
3. ரேடியேட்டர், ஃபேன் பெல்ட் இரண்டையும் வெயில் காலத்துக்கு முன்பே சரிபாருங்கள். எஞ்சின் சூடானால் பம்பும் சூடாகும்.
4. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இதே மாதிரி நிற்கும். முதலில் அதைப் பாருங்கள், செலவே இல்லை.
5. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கலாம். டியூப், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.
6. அடிக்கடி மலையேறுபவர்கள், டேங்க் பக்கத்தில் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் பொருத்துவது பற்றிக் கேட்கலாம். உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளினால் ஆவி அடைப்பு குறையும்.

கடைசியாக ஒன்று. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாய் இறக்கம். "பம்ப் ஆறட்டும்" என்று எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்காதீர்கள். கியர் பிடிமானம் போய், மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை. பிரேக் பிடிக்காமல் போனால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.