'ஹிட்மேன்' ஆடுகிறீர்களா? முதலில் சும்மா நடங்கள்

டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கி 2016-ல் வெளிவந்த 'ஹிட்மேன்' விளையாட்டில், துப்பாக்கியைவிட மாறுவேட உடைதான் பெரிய ஆயுதம். பாரிஸ் மாளிகையில் ஃபேஷன் ஷோ நடக்கும் கட்டத்தில் நுழைந்ததும், கொல்ல வேண்டிய இலக்கைத் தேடி ஓடாதீர்கள். அரை மணி நேரம் சுற்றி வாருங்கள். யார் எந்த வழியாகப் போகிறார், எங்கே தனியாக நிற்கிறார் என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மாறுவேடத்தில் இருக்கும்போது, தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரிபவரிடம் உஷார்! உங்களை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடியவர் அவர்தான். பதறி ஓடினால் சந்தேகம் கூடும். பக்கத்தில் மேஜை துடைப்பது போன்ற வேலை ஏதாவது இருந்தால் அதில் இறங்கிவிடுங்கள். கண்ணெதிரே நின்றாலும் கண்டுகொள்ள மாட்டார். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

காவலரை நகர்த்த ஒரு நாணயம் போதும். அதை வீசினால் சத்தம் வந்த திசைக்குப் போவார். யாரையாவது அடித்து மயக்கினால், அவரை உடனே பெட்டிக்குள் மறையுங்கள். கேமராவில் பதிந்துவிட்டால் பாதுகாப்பு அறைக்குப் போய்ப் பதிவை அழிக்கலாம்.

ஒவ்வொரு துணிச்சலான முயற்சிக்கும் முன்னால் சேவ் செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய மதிப்பீட்டில் இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆடுங்கள்.