பைக்குள் ஒரு குளம்: வண்ண மீன்களின் விமானப் பயணம்



போன தீபாவளி லீவுக்கு சென்னை கொளத்தூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர் அது. சித்தப்பாவுக்கு அங்கே மீன் பேக்கிங் வேலை. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ராத்திரியே இருபது கப்பி மீன்களைப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டார். மறுநாள் மதியம் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி, காரைக்குடி வந்து இறங்கியபோது இருபதும் உயிரோடுதான் இருந்தன. பாவம், களைத்துப் போயிருக்குமே என்று பையோடு இருந்த தண்ணீரை அப்படியே வாளியில் ஊற்றி, ஏர் பம்பை வேறு போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பன்னிரண்டு மீன் மிதக்கிறது!

போன் பண்ணிச் சொன்னேன். சித்தப்பா சிரிக்கவில்லை. "மீன் ரயில்ல சாகல அப்பு. உன் வாளியிலதான் செத்துச்சு" என்றார். ஏன் என்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு ரயிலில் நடந்த கதைதான் விமானத்தில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற மீனுக்கும். அதற்கு இன்னும் நேரம் அதிகம், அவ்வளவுதான்.

முதலில் பையைப் பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். வெல்டிங் ஷாப்பில் பார்க்கிறோமே, அதே மாதிரி சிலிண்டரிலிருந்துதான் அடைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் காற்றிலிருந்து கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். அதற்கு மேலே அடைத்திருக்கிற இரண்டு லிட்டர் ஆக்சிஜன் வாயுவின் எடை சுமார் 2,600 மில்லிகிராம். முன்னூறு மடங்குக்கு மேல்! ஒழுங்காகக் கட்டின பையில் மீன் மூச்சு முட்டிச் சாவது அபூர்வம் என்பது இதிலேயே புரிகிறதல்லவா?

பையை ஃபுட்பால் மாதிரி விறைப்பாகக் கட்டக்கூடாது. முதலாண்டு பிசிக்ஸில் படித்த பாயில் விதி இங்கேதான் வேலைக்கு வருகிறது. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைத்திருப்பார்கள். பயணிகள் விமானத்தில் கீழே உள்ள சரக்கு அறைக்கும் அதே அழுத்தம்தான். கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார், 8,000 அடியில் சுமார் 753. ஆக, தரையில் 2 லிட்டராக இருந்த ஆக்சிஜன் மேலே போனதும் 2.7 லிட்டர் இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் பை விரிசல் விடும், முடிச்சு கசியும்.

அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் பை. கெளுத்தி மாதிரி முள் உள்ள மீன் என்றால் நடுவில் செய்தித்தாளும் வைப்பார்கள். அடி மூலைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சின்ன மீன் மூலையில் மாட்டி நசுங்கிவிடும். பைட்டர் மீனுக்குத் தனித் தனிப் பை. இதெல்லாம் தெர்மோகோல் பெட்டிக்குள் போய், பெட்டி அட்டைப் பெட்டிக்குள் போகும். உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் விரிப்பும் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் (ஐ.ஏ.டி.ஏ.) உயிருள்ள பிராணிகளுக்கென்றே தனி விதிப் புத்தகம் வைத்திருக்கிறது, தண்ணீர் கசியக்கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள். மீனுக்காக மட்டும் அல்ல. உப்புத் தண்ணீர் விமானத்தின் அலுமினியத்தில் பட்டால் அரிமானம் பிடிக்கும். நம்ம ஊர் சிக்ரியில் ஆராய்ச்சி செய்கிறார்களே, அதே அரிமானம்தான்!

இனி என் வாளிக்கு வருகிறேன். மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. கழிவு அழுகினாலும் அமோனியாதான். அதற்காகவே பயணத்துக்கு ஒரு நாள், பெரிய மீனாக இருந்தால் இரண்டு நாள், பட்டினி போடுகிறார்கள். ஆனாலும் பைக்குள் அமோனியா சேரத்தான் செய்யும். பிறகு எப்படி மீன் பிழைக்கிறது? மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடும் வெளியே போக வழியில்லாமல் தண்ணீரில் கரைகிறது. தண்ணீர் அமிலத் தன்மை பக்கம் சாய்கிறது, பி.எச். இறங்குகிறது. பி.எச். 7-ல், 28 டிகிரியில், மொத்த அமோனியாவில் விஷமான பகுதி 0.7 சதவீதம்தான். மீதியெல்லாம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அமோனியம் அயனி. அதுவே பி.எச். 8 ஆனால் விஷம் 6.5 சதவீதம். ஒரே ஒரு பி.எச். ஏறினால் ஒன்பது மடங்கு!

நான் செய்தது என்ன? பையைத் திறந்தேன், பம்பு போட்டேன். கார்பன் டை ஆக்சைடு பறந்துவிட்டது, பி.எச். ஏறிவிட்டது. ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த அமோனியாவில் விஷமான பகுதி பல மடங்காகி மீனின் மேல் பாய்ந்துவிட்டது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்த வேலை!

விமானத்தில் வரும் மீனை இறக்குகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, பையைத் திறக்காமலே கால் மணி, இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுவார்கள். வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுவார்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணியில் வீட்டுக்கு வந்த மீன் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து பழக்கலாம், தப்பில்லை. கடல் மீனுக்கு உப்பின் அளவையும் முன்கூட்டியே பார்த்துத் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும்.

கடல் என்றதும் பவளம் ஞாபகம் வரும். பவளம் கல் அல்ல, உயிருள்ள பிராணி. அதிர்ச்சி பட்டால் கோழை மாதிரி ஒன்றைக் கக்கித் தன் தண்ணீரைத் தானே கெடுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் தெர்மோகோல் துண்டில் கட்டித் தலைகீழாக மிதக்கவிட்டு அனுப்புவதுண்டு, பையின் அடியில் உரசாமல் இருக்க. நம் நாட்டில் அந்தப் பேச்சே கிடையாது. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். ராமேஸ்வரம் டூர் போகிறவர்கள் கரையில் கிடக்கிற செத்த துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் வெட்டித் தள்ளியதைக் கேள்விப்பட்டால் இந்தச் சட்டம் தாமதமாக வந்தது என்றே சொல்லுவேன். கோமாளி மீன் கதை வேறு. அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலில் கை வைக்காமலே விமானம் ஏற்றலாம்.

நமக்குப் பக்கத்து விமான நிலையங்கள் திருச்சியும் மதுரையும். செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பற்றி யாராவது சிவில் பிரிவு நண்பர் எழுதட்டும்.

பொங்கலுக்கு மறுபடி இருபது கப்பி வாங்கி வந்தேன். இந்த முறை பம்பு போடவில்லை. பையை மிதக்க விட்டு, வலையில் எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டேன். காலையில் எண்ணினால் பத்தொன்பது. இருபதாவது வாளிக்கு வெளியே தரையில் கிடந்தது. மூடி போட மறந்துவிட்டேன்.