கோலம் போட்டால் மழை பெய்யுமா?

கேள்வி: எங்களுடையது கமுதிப் பக்கம் ஒரு சிற்றூர். மானாவாரி நெல்லும் மிளகாயும்தான் பிழைப்பு. காலநிலை மாற்றத்துக்கு ஊரைத் தயார்படுத்துகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்திருக்கிறார்கள். தெருவில் கோலமாவால் ஊர்ப் படம் போடச் சொல்கிறார்கள். புளியங்கொட்டை வைத்து மழைக் கணக்குக் கேட்கிறார்கள். "கோலம் போட்டா மழை பெஞ்சிருமா?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மகளிர் குழுத் தலைவியான நான்தான் ஆள் திரட்ட வேண்டுமாம். இதனால் பலன் உண்டா?
- வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பெய்யாதுதான். ஆனால் பெய்கிற மழை எந்த வழியில் கைவிட்டுப் போகிறது என்பது தெரியவரும். ஊர் மக்களே படம் போட்டு, கொட்டை வைத்துத் தங்கள் நிலவரத்தை அலசும் இந்த முறை 1980களின் கடைசியிலிருந்து இந்தியக் கிராமங்களில் புழங்கிவருகிறது. உருப்படியாகவும் நடத்தலாம், சடங்காகவும் முடிக்கலாம். இரண்டும் நடக்கிறது.

முதலில், புளியங்கொட்டை வைத்துப் போடும் மழை நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் தரையில் எழுதி, எந்த மாதம் எவ்வளவு மழை என்று கொட்டைகளை வையுங்கள். தாத்தா காலத்துக்கு ஒரு வரிசை, இப்போதைக்கு ஒரு வரிசை. கீழே புழுதி விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு. அதற்கும் கீழே வட்டிக்கு வாங்கும் மாதம், வெளியூர் வேலைக்குக் கிளம்பும் மாதம், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையும் மாதம். ஆண்கள் மட்டும் உட்கார்ந்தால் இந்தக் கடைசி வரிசை பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஆகவே பெண்கள் தனியாக ஒன்று போடுங்கள். விதைத்த பிறகு எத்தனை நாள் மழை ஏமாற்றுகிறது, கடன் எந்த இடத்தில் ஏறுகிறது என்பது அப்போது பளிச்சென்று தெரியும். எந்த ரகம், எப்போது விதைப்பு என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது கூடி நடப்பது. வரத்துக்காலின் தலைப்பில் தொடங்கிக் கண்மாய்க் கரை, மடை, கலுங்கு வழியாகக் கடைமடை வரை போய் வாருங்கள். சீமைக்கருவேலம் எங்கே அடைத்திருக்கிறது, பாதை போடுகிறேன் என்று யார் வரத்துக்காலை மேடாக்கினார்கள், எந்த மடையில் வண்டல் ஏறிப் பலகையைத் தூக்க முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கரை முன்பு உடைந்த இடத்தைப் பெரியவர்களிடம் கேளுங்கள். சிரிக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். நம் ஊர்களில் தூர்வாருவதைப் பற்றியே பேசுகிறோம். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழைக்குக் கலுங்கு சரியாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

படம் அழகாக வருவது முக்கியமில்லை, கோலமாவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கூட்டம் ஊர் மந்தையில் மட்டும் நடந்தால் காலனிக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் தெருவிலும் ஒரு படம் போடச் சொல்லுங்கள். பகலில் வேண்டாம்; கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எது முதல் வேலை என்று கொட்டை போட்டுத் தேர்ந்தெடுக்கும்போது மூடிய பானைக்குள் போடட்டும். நிலக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கூலிக்காரர் வேறு பக்கம் கொட்டை வைக்க மாட்டார்.

ஊரின் நினைவு மட்டும் போதுமா? போதாது. 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அப்படியொரு வருடத்தைப் பழைய அனுபவத்தை வைத்து மட்டும் சமாளித்துவிட முடியாது. மழைமானிக் கணக்கு, வேளாண் துறையின் ஆலோசனை, வானிலை முன்னறிவிப்பு ஆகியவற்றையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

வந்தவர்கள் படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. தாளில் வரைந்த பிரதி ஒன்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். யாரிடம் மனு கொடுப்பது என்பதையும் அன்றே விசாரித்து வையுங்கள்: 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் வேலையை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கும்படி அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மான நகலை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.