ஸலாஹுத்தீன் கோட்டையும் அது தரும் படிப்பினையும்

ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டதும், 1187-ல் பைத்துல் முகத்தஸை மீட்ட வீரமே நம் நினைவுக்கு வரும். மிஸ்ரு நாட்டின் தலைநகரான காஹிராவில் அவர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டையைப் பற்றி நம்மில் பலர் அறியோம். அதன் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

சிலுவைப் போர்க்காரர்களின் தாக்குதலை அஞ்சி, காஹிராவையும் பக்கத்து நகரான புஸ்தாத்தையும் ஒரே மதிலுக்குள் அடக்க ஸுல்தான் அவர்கள் திட்டமிட்டார்கள். முகத்தம் மலையடிவாரத்தில் உயர்ந்த ஒரு பாறைமேட்டைத் தேர்ந்து, 1176-ல் (ஹிஜ்ரி 572) கோட்டை வேலையைத் தொடங்கினார்கள். வேலையை நடத்தியவர் அமீர் கராகூஷ்.

மதில் எவ்வளவு உயர்ந்தாலும், முற்றுகைக் காலத்தில் தண்ணீர் இல்லையேல் பயனில்லை அல்லவா? எனவே பாறையைக் குடைந்து ஏறக்குறைய 280 அடி ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். அது இரண்டு அடுக்காக அமைந்தது. மாடுகள் பாதி ஆழம் வரை இறங்கிச் செல்லச் சரிவுப் பாதை உண்டு. கீழே சில மாடுகளும் மேலே சில மாடுகளும் உருளையைச் சுற்றித் தண்ணீரை ஏற்றின. இதற்கு யூசுபுக் கிணறு என்று பெயர். நபி யூசுப் (அலை) அவர்களின் கிணறு என்று எண்ணிவிட வேண்டாம். ஸுல்தான் அவர்களின் இயற்பெயரே யூசுப்தான்.

கட்டியவர் அதில் வாழவில்லை. 1182-ல் ஷாம் தேசம் சென்ற ஸுல்தான் அவர்கள் திரும்பி வராமலே, 1193-ல் திமிஷ்கில் வபாத்தானார்கள். அவர்களுடைய சகோதரரின் மகன் அல்காமில்தான் அங்கே குடியேறினார். பின்னர் மம்லூக் ஸுல்தான்கள், 1517 முதல் துருக்கிப் பாஷாக்கள் என்று, 1874-ல் அரசர் இருப்பிடம் ஆபிதீன் அரண்மனைக்கு மாறும் வரை ஆட்சிபீடம் அதுவே. அரண்மனை, பள்ளிவாசல், படைவீடு, சிறை ஆகிய எல்லாவற்றுக்கும் அது இடம் தந்தது. 1882 முதல் 1946 வரை பிரிட்டிஷ் துருப்புகள் அதில் இருந்தன. பிற்பாடு பொதுமக்கள் கண்டுகளிக்கும் இடமாயிற்று.

ஆனால் ஒரு சம்பவத்தை நாம் மறக்கலாகாது. 1811 மார்ச் 1-ம் தேதி, தம் மகனுக்குப் படைத்தலைமை அளிக்கும் வைபவத்திற்கென முஹம்மது அலி பாஷா மம்லூக் தலைவர்களை அழைத்தார். விழா முடிந்து அவர்கள் குறுகிய பாதையில் இறங்கும்போது வாயிற்கதவு அடைக்கப்பட்டது. விருந்தாளிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். எதிரியைத் தடுக்க எழுந்த மதிலே, நம்பி வந்தவர்களுக்குப் பொறியாயிற்று! அந்தப் பாஷா கட்டிய பெரிய பள்ளிவாசல் இன்றும் அங்கே கம்பீரமாக நிற்கிறது. அந்நாளின் பழியும் அவர் பெயரோடு நிற்கிறது.

வியாபாரிகளாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. கடைக்குப் பூட்டும் இரும்புக் கதவும் வேண்டியவைதான். என்றாலும், கடன் தந்தவரும் சரக்கு அனுப்பியவரும் நம் பூட்டையா நம்புகிறார்கள்? நாம் சொன்ன சொல்லையே நம்புகிறார்கள். அமானிதம் பேணுவதே நம் கோட்டை. அது உள்ளிருந்து இடிந்தால் எந்த மதிலும் நம்மைக் காக்காது. அல்லாஹ் நம் அனைவரையும் வாக்குத் தவறாதவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.