ஆடியிலேயே தொடங்கட்டும் கிறிஸ்மஸ் ஆயத்தம்



ஆடி மாதத்தில் கிறிஸ்மஸைப் பற்றி எழுதுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். டிசம்பரில் எழுதினால் படிப்பதற்கும் நேரமிராது, திருத்திக்கொள்ளவும் வழியிராது. ஆகவே இப்போதே எழுதுகிறோம்.

கீரனூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் திண்டுக்கல் சமவெளியின் மற்ற ஊர்களிலும் தினக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் அநேகம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. மழை நாட்களில் செங்கல் சூளை ஓய்ந்துவிடும். கட்டட வேலை விட்டு விட்டு நடக்கும். கூலி குறைகிற அந்த நாட்களில்தான் புதுத்துணி, பலகாரம், கறி, வெள்ளையடிப்பு, ஆலயக் காணிக்கை என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. கையில் இல்லாததைக் கடன் வாங்கிச் சமாளிக்கிறோம்.

அந்தக் கடனைச் சற்று கணக்குப் பார்ப்போம். 10,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 300 ரூபாய் வட்டி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வட்டி மட்டும் 1,800 ரூபாய் போயிருக்கும். முதல் அப்படியே நிற்கும். இந்த ஆறு மாதமும் வீட்டில் தள்ளிப்போடப்படுவது எது? அம்மாவின் சர்க்கரை மாத்திரை, அப்பாவின் இரத்த அழுத்தப் பரிசோதனை, பிள்ளையின் காய்ச்சலுக்கான வைத்தியம். பண்டிகைக் கடன் கடைசியில் உடம்பில் வந்து விடிகிறது. இதுவே எங்கள் பாரம்.

வேதம் கற்பிப்பது என்ன?

கோபுரம் கட்டத் தொடங்குமுன் தன் கையிருப்பு போதுமா என்று பார்க்கவேண்டியதை ஆண்டவர் உவமையாகச் சொன்னார் (லூக்கா 14:28-30). யோசேப்பு எகிப்தில் விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்க ஆலோசனை சொன்னார் (ஆதியாகமம் 41:34). பஞ்சம் வந்தபோது அந்தக் களஞ்சியமே ஜனங்களைக் காப்பாற்றியது. முன்கூட்டியே திட்டமிடுவது அவிசுவாசமல்ல. தேவன் கொடுத்ததை உண்மையாய்ப் பராமரிக்கும் உக்கிராணத்துவம் அது.

நாம் செய்யக்கூடியவை

1. முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, போன வருடம் எதற்கு எவ்வளவு செலவானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எது அவசியம், எது அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் செய்தது என்று பிரியுங்கள். மிஞ்சுவதே இந்த வருடத் தொகை.

2. வாரந்தோறும் சேருங்கள். 10,000 ரூபாய் தேவையானால் ஆகஸ்ட் முதல் 20 வாரங்களுக்கு வாரம் 500 ரூபாய் வேண்டும். அடுத்த ஆண்டுக்கு ஜனவரியிலேயே தொடங்கினால் 50 வாரங்களுக்கு வாரம் 200 ரூபாயே போதும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்னும் ஊரில் 1909ஆம் ஆண்டு ஒரு வங்கி, வாரந்தோறும் சிறு தொகை கட்டி கிறிஸ்மஸுக்கு எடுத்துக்கொள்ளும் 'கிறிஸ்மஸ் கிளப்' திட்டத்தைத் தொடங்கியது. நம் ஊர் பண்டிகைச் சீட்டும் அதே எண்ணந்தான். ஆனால் பதிவு பெறாத சீட்டில் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. வங்கியில் 12 மாதத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது பத்திரமானது.

3. விலை இறங்கும் காலத்தில் வாங்குங்கள். ஆடித் தள்ளுபடியில் துணி மலிவு. வளரும் பிள்ளைகளுக்கு ஆயத்த ஆடை வேண்டாம். துணியாக எடுத்துவைத்து நவம்பரில் அளவு கொடுக்கலாம். டிசம்பர் மூன்றாம் வாரம் போனால் தையற்காரர் கையை விரிப்பார்.

4. மழைக்கு முன் முடிக்கவேண்டியதை முடியுங்கள். வெள்ளையடிப்பையும் கூரைப் பழுதையும் செப்டம்பரிலேயே பார்த்துவிட்டால் சுவர் நன்றாகக் காயும். பலகாரத்துக்கான அரிசியையும் பருப்பையும் வெயில் உள்ளபோதே காயவைத்து எடுத்துவையுங்கள்.

5. சிலவற்றை விட்டுவிடத் துணியுங்கள். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைவதால் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விலை ஏறிவிடும். அந்த நாளில் முழம் முழமாய் மல்லிகை வாங்கத்தான் வேண்டுமா? பிள்ளைகள் செய்யும் காகித நட்சத்திரமும் தோரணமும் வீட்டை அழகாக்கும்.

6. வேலையைப் பங்கிடுங்கள். இரவெல்லாம் அடுப்படியில் நின்ற தாய், விடியற்கால ஆராதனையில் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறாள். முறுக்கைப் பத்து நாள் முன்பே சுட்டு டப்பாவில் அடைக்கலாம். சுத்தம் செய்வதை ஆண்பிள்ளைகள் ஏற்கட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிசம்பர் மாத்திரையை முன்னதாகவே வாங்கி வைத்து, பண்டிகை நாளிலும் தவறாமல் சாப்பிடுங்கள்.

7. பிறருக்கான பங்கை முதலில் எழுதுங்கள். கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்று வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. விதவையான ஒரு அயலாருக்கு ஒரு சேலை, படுக்கையிலிருக்கும் ஒரு முதியவருக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று நோட்டின் முதல் வரியிலேயே இடம் ஒதுக்குங்கள்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை ஆயத்த நாட்களாகத் திருச்சபை வைத்திருக்கிறது. வீட்டு வேலைகள் அதற்குள் முடிந்திருந்தால், அந்த வாரங்களை வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்கும் கொடுக்க முடியும். சாஸ்திரிகள் தங்கள் காணிக்கைகளைத் தூர தேசத்திலிருந்தே கொண்டுவந்தார்கள் அல்லவா?

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

அ. போன கிறிஸ்மஸுக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கியிருக்கிறதா?

ஆ. இந்த வாரமே எவ்வளவு எடுத்துவைக்க முடியும்?

இ. நம் நோட்டின் முதல் வரியில் யாருடைய பெயரை எழுதுவோம்?

இந்த வருடம் உங்கள் வீட்டில் ஜனவரி மாதமும் சமாதானத்தோடு பிறக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.