வெள்ளம் வடிந்த வீட்டில் பூஞ்சணம்

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது, வெல்லம்பிட்டியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. நான் அப்போது தரம் 9 மாணவி. வாப்பா முதலில் குர்ஆனையும் காணி உறுதியையும் அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தார். பிறகு எங்களை மாமி வீட்டுக்கு அனுப்பினார். தண்ணீர் வடிந்த பின் திரும்பி வந்து, சேறு வாரி, வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் ஜூன் மாதம் பிறந்து நோன்பும் வந்துவிட்டது. பெருநாளைக்காவது வீடு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று உம்மா ஆசைப்பட்டார். சுவரில் கை வைத்துப் பார்த்தோம். காய்ந்தது போலத்தான் இருந்தது. பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெயின்ற் அடித்தோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அந்தப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. அலுமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்த அறையில் படுக்கும் தம்பிக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கியதும் அதே மாதங்களில்தான். பூஞ்சணம்தான் காரணம் என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையை வேறு அறையில் படுக்க வையுங்கள் என்றார். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்றவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் கூறப்பட்டுள்ளது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் விட்ட பிழை எனக்கு விளங்கியது. பூஞ்சணம் ஒரு பங்கசு. அதன் வித்திகள் எந்த வீட்டு வளியிலும் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. எவ்வளவு கூட்டினாலும் அவற்றை இல்லாமலாக்க முடியாது. வித்தி முளைத்து வளர உணவும் நீரும் வேண்டும். மரம், கடதாசி, துணி, பழைய பெயின்ற், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்கு உணவுதான். நொதியங்களை வெளியே சுரந்து, அங்கேயே சமிபாடடையச் செய்து உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் நாட்டு வெப்பநிலையும் வருடம் முழுவதும் அதற்குத் தோதானது. ஆகவே நமது கையில் இருப்பது நீர் ஒன்றுதான். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள்ளேயே பூஞ்சணம் வளரத் தொடங்கலாம். திரும்பி வந்த முதல் நாளிலேயே, மின் இணைப்புப் பாதுகாப்பானதா என்று பார்த்துவிட்டு, நனைந்ததை எல்லாம் வெளியே எடுத்து யன்னல்களைத் திறந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

சுவர் வேறு கதை. செங்கல்லிலும் சீமெந்துப் பூச்சிலும் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. பௌதிகவியலில் படிக்கும் மயிர்த்துளை எழுகை இங்கே நடக்கிறது: தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றாலும் ஈரம் அதற்கு மேலேயும் ஏறிவிடும். காயும்போது வெளிப்பக்கம் முதலில் காயும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வாரக்கணக்காகும், மழை தொடர்ந்தால் மாதங்களும் ஆகும். நாங்கள் கை வைத்துப் பார்த்தது அந்த வெளிப்பக்கத்தை. ஈரம் வெளியேறும் வழியை எங்கள் காசிலேயே பெயின்ற் வாங்கி அடைத்திருக்கிறோம்!

கையை நம்பாமல் சோதித்துப் பார்க்க ஓர் இலகுவான வழி இருக்கிறது. ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உட்பக்கம் நீர்த்துளிகள் தெரிந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. இதைச் சுவரின் அடிப்பகுதியிலும் செய்ய வேண்டும், மேலே மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சுவரில் வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பூஞ்சணமுமல்ல. சுவருக்குள்ளிருந்து வரும் உப்பும் அப்படித்தான் தெரியும். ஒரு துளி தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும்.

பூஞ்சணம் வந்துவிட்டால் உலர்ந்த தும்புத்தடியால் தேய்க்கக் கூடாது. உம்மாவும் நானும் அதைத்தான் செய்தோம். வித்திகளை வீடு முழுக்கப் பரப்பினோம். மாஸ்க்கும் கையுறையும் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுவதே நல்லது. படர்ந்த இடத்தை நோக்கி மின்விசிறி போடுவதும் பிழை. குளோரீன் கலந்த வெளிற்றும் திரவம் கறையைப் போக்கும், ஆனால் ஈரம் இருக்கும் வரை பூஞ்சணம் திரும்பவும் வரும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் அதைத் துடைத்து அகற்றத்தான் வேண்டும். அந்தத் திரவத்தை அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்துடனோ வினாகிரியுடனோ கலக்கவே கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை மெத்தைக்காகத்தான் நடந்தது. உம்மாவின் கலியாணத்துக்கு வந்த மெத்தை. இரண்டு வாரம் வெயிலில் காய வைத்தார். மேலே காய்ந்தது, உள்ளே புளித்த வாடை போகவில்லை. வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணை, உப்பிப்போன சிப்போட் அலுமாரி ஆகியவற்றை உண்மையாகக் காப்பாற்ற முடியாது. பலகைக் கட்டில், பிளாஸ்டிக் கதிரை, பாத்திரங்கள் போன்றவற்றைக் கழுவிக் காய வைத்துப் பாவிக்கலாம். இப்போது எங்கள் வீட்டில் எந்த அலுமாரியும் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை, ஒரு சாண் தள்ளித்தான் நிற்கும்.

நனைந்த புத்தகங்களை உடனே காய வைக்க வழியில்லாவிட்டால், பொலித்தீன் பையில் சுற்றி ஃபிறீசரில் வையுங்கள். மீனுக்குப் பக்கத்தில் புத்தகமா என்று மாமி சிரித்தார். ஆனால் உறைநிலையில் பூஞ்சணம் வளராது. பிறகு ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்து, தாள்களுக்கிடையே டிசு வைத்துக் காய வைக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களைக் காயவிடாமல், சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். உம்மாவின் கலியாண அல்பத்தை நாங்கள் மூடியபடியே வெயிலில் வைத்தோம். அதில் முதல் இரண்டு பக்கங்களை மட்டும்தான் இன்று திறக்க முடிகிறது.