வானம் மூடினால் விற்பனை படுக்குமா?

கேள்வி: ஊழியர் மகிழ்ச்சியாக இருந்தால் வேலை கூடுதலாக நடக்கும் என்கிறார்களே? வேலை நன்றாக நடப்பதால்தான் மகிழ்ச்சி வருகிறது என்றும் சொல்லலாம் அல்லவா?

பதில்: சொல்லலாம். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அவிழ்க்கப் பார்த்த முடிச்சும் இதுதான். பிரிட்டிஷ் டெலிகாமின் 11 கால் சென்டர்களில் சுமார் 1,800 விற்பனை ஊழியர்களுக்கு ஆறு மாதம், வாரம் ஒரு மின்னஞ்சல் போனது. ஐந்து முகப் பொம்மைகளில் ஒன்றைத் தேர்ந்து, அந்த வார மனநிலையைச் சொல்ல வேண்டும்.

காரணத்தையும் விளைவையும் பிரிக்க அவர்கள் பிடித்துக்கொண்டது வானிலையை. பிரிட்டன் வானம் அழுமூஞ்சி என்பது ஊரறிந்த சங்கதி. ஜன்னலுக்கு வெளியே மப்பும் மந்தாரமுமாக இருந்த வாரங்களில் ஊழியர் முகம் வாடியது, விற்பனையும் இறங்கியது. வாடிக்கையாளர்களோ நாடெங்கும் இருந்தவர்கள், ஆகவே உள்ளூர் மழைமேல் பழி போட்டு அவர்கள் வாங்காமல் இருந்திருக்க முடியாது. மகிழ்ச்சியாக இருந்தபோது உற்பத்தித்திறன் சுமார் 13 சதவீதம் கூடியதாக 2019இல் அறிவித்தார்கள். வேலை நேரம் கூடவில்லை. மணிக்குப் பேசிய அழைப்புகளும், அவற்றில் விற்பனையாக முடிந்தவையும்தான் கூடின.

உடனே யோகா வகுப்புக்கு ஆள் தேடும் மனிதவளத் துறையினர் கொஞ்சம் பொறுக்கலாம். ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களை அலசியது. தியானச் செயலி, மன அழுத்தப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல் வேலைச் சூழலையே திருத்தச் சொல்கிறது. ஊழியரின் மனநலம் பேண மேலாளர்களுக்குப் பயிற்சி தரவும் சொல்கிறது.